மீண்டும் கைநாட்டு!

கைநாட்டு என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் பெரியவர்கள் முகம் வாடும். மை தடவிய கட்டைவிரல்; மடித்து நீட்டப்பட்ட பத்திரம்; மடிப்புக்குள் இருப்பது கடனா, கிரயமா என்றறியாத குடியானவன்; “இங்கே வை, இன்னும் கொஞ்சம் அழுத்து” என்று விரலைப் பிடித்து ‘உதவி’ செய்யும் வட்டிக்கடைக் கணக்கப்பிள்ளை! இந்த ஒரு காட்சியால் கரிசல் காட்டில் எத்தனை குடும்பம் நிலத்தை இழந்து நடுத்தெருவில் நின்றது! அந்த இழிவைத் துடைக்கத்தான் ஊர்தோறும் பள்ளிக்கூடம் கேட்டோம். பிள்ளை படித்தால் கையெழுத்திடுவான். கையெழுத்திடுபவன் படித்துப் பார்த்த பிறகே இடுவான் என்று நம்பினோம்.

படித்தான். பட்டமும் பெற்றான். (பாதியில் கல்லூரியை விட்டு மேடைக்கு ஓடிவந்த என்னைப் போன்றவர்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) ஆனால், தோழர்களே, அந்தப் பட்டதாரியின் உள்ளங்கையில் ஒளிரும் கண்ணாடிப் பலகையைச் சற்று எட்டிப் பாருங்கள். ஒரு செயலியைத் திறக்கிறான். பக்கம் பக்கமாக நிபந்தனைகள் ஓடுகின்றன; ஆங்கிலத்தில், அதுவும் வழக்கறிஞர் ஆங்கிலத்தில். அடியில் அகலமாக, அழகாக, பச்சை வண்ணத்தில் ஒரு பொத்தான்: ‘ஏற்கிறேன்.’ அவன் படிக்கிறானா? இல்லை. படிக்க இயலுமா? இல்லை. படித்து மறுத்தால் செயலி திறக்குமா? அதுவும் இல்லை! கட்டைவிரலை வைக்கிறான். தாத்தா மை தொட்டு வைத்தார். பேரன் மை தொடாமல் வைக்கிறான். நானும் வைத்தவன்தான், நேற்றுக்கூட வைத்தேன்.

விரல் ரேகைக்கும் நம் தென்பாண்டி மண்ணுக்கும் பழைய பகை ஒன்று உண்டு. வெள்ளையன் 1911ஆம் ஆண்டு கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தனர். பிறந்த குலத்தையே குற்றமாக்கி, ஆடவரை வரிசையில் நிறுத்தி, பத்து விரலையும் பதிவு செய்யச் சொன்ன சட்டம் அது. மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் “ரேகை வைக்க மாட்டோம்” என்றார்கள். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி பேசியது. 16 பேர் மாண்டனர், ஒரு பெண் உட்பட. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது.

அன்று ரேகை கேட்டவன் குதிரையில் வந்தான், துப்பாக்கியோடு வந்தான். எதிரி யார் என்பது எட்டு வயதுச் சிறுவனுக்கும் தெரிந்தது. இன்று கேட்பவன் துப்பாக்கி கொண்டுவருவதில்லை. தள்ளுபடி கொண்டுவருகிறான். ‘உங்கள் வசதிக்காக’ என்று ஆரம்பிக்கிறான். உயிர் கொடுத்து மறுத்ததை ஒரு சிரிப்புக்கு ஈடாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நாடகக்காரன் நான், ஆகவே ஒரு காட்சி. இடம்: சிவகாசிப் பக்கம் சிற்றூர் ஒன்றில் கைப்பேசிக் கடை. காலம்: 2017. பாத்திரங்கள்: பட்டாசு ஆலையில் சரவெடி பின்னும் அக்காள் ஒருத்தி, கடைப்பையன் ஒருவன். பெயர் வைக்கவில்லை, வைத்தால் ஒருத்தியின் கதையாகிவிடும்.

“அக்கா, எண்ணை ஆதாரோடு இணைக்க வேண்டும். இல்லையென்றால் பேச முடியாமல் போய்விடும். விரலை வையுங்கள்.”

“திரையில் என்னவோ எழுதியிருக்கிறதே, தம்பி?”

“அது ஒன்றுமில்லை அக்கா. எல்லாருக்கும் வருவதுதான்.”

வைக்கிறாள். ரேகை பதியவில்லை. வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பவுடரும் தின்ற விரல் அல்லவா! சேலைத் தலைப்பில் துடைத்து மறுபடி வைக்கிறாள். மூன்றாம் முறை பச்சை விளக்கு எரிகிறது.

“முடிந்தது, அக்கா.”

முடிந்தேவிட்டது! அடுத்த மாதம் எரிவாயு மானியம் அவள் கணக்கில் வரவில்லை. வங்கிக்கு நடக்கிறாள், எரிவாயு முகவரிடம் நடக்கிறாள், “அனுப்பியாயிற்றே” என்கிறார்கள். எங்கே அனுப்பினார்கள்? எவருக்கும் தெரியவில்லை.

கற்பனை என்பீர்களோ? காட்சிதான் என்னுடையது, கதை நாடறிந்தது. அந்த ஆண்டு ஏர்டெல் பேமெண்ட்ஸ் வங்கியில், வாடிக்கையாளர் கேட்டேயிராத கணக்குகள் முளைத்தன. 31 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் எரிவாயு மானியம், சுமார் 190 கோடி ரூபாய், அந்தக் கணக்குகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எப்படி? மானியத்தை அனுப்பும் பொறி, ஆதாருடன் கடைசியாக இணைந்த கணக்கு எதுவோ அதில் பணத்தைத் தள்ளும். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். கைப்பேசி எண்ணைச் சரிபார்க்க வைத்த விரலே புதிய வங்கிக் கணக்கைத் திறக்கவும் பயன்பட்டது. வாடிக்கையாளர் இசைவு தரவில்லையா? தந்தார்களாம்! திரையில் ஒரு சிறு கட்டம் இருந்ததாம். அதில் ‘சரி’ என்ற குறி இருந்ததாம். இருந்தது, உண்மை. ஆனால் அந்தக் குறி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது!

வாக்குச்சீட்டில் ஏற்கெனவே முத்திரை குத்தி, “வேண்டாதவர்கள் அழித்துக்கொள்ளலாம்” என்று நீட்டினால் அதற்குத் தேர்தல் என்றா பெயர்?

2017 டிசம்பரில் ஆதார் ஆணையம் அந்த நிறுவனத்தின் ஆதார்வழிச் சரிபார்ப்பு உரிமையைத் தற்காலிகமாக நிறுத்தியது. பணம் திருப்பித் தரப்பட்டது. 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி 5 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 26இல், கைப்பேசி எண்ணுக்கு ஆதார் கட்டாயம் என்ற ஆணையே செல்லாது என்று உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. விரலை வைத்தது வீண்! நம் அக்காள் வங்கிக்கும் முகவருக்கும் நடந்த நாள்களின் கூலியை மட்டும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை.

இதைத் தவறு என்று சொல்லாதீர்கள். தவறு தானாக நிகழும். இது வரைந்து, அளந்து, சோதித்துப் பார்த்துச் செய்த வேலை. இதை விளக்க வெளியூரிலிருந்து நிபுணர் வேண்டாம்; சிவகாசி அச்சகத்தில் எழுத்துக் கோத்து வளர்ந்த முதியவர் எவரையும் கேளுங்கள். கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்று வந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் இட்ட வித்து, பட்டாசாக, அச்சுத் தொழிலாகக் கிளைத்த ஊர் அது. ஒரு நாட்காட்டியில் தேதி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், அச்சகத்தின் பெயர் எவ்வளவு சிறிதாக இருக்க வேண்டும், தீப்பெட்டி லேபிளில் எந்தச் சிவப்பு கண்ணை இழுக்கும், எந்தச் சாம்பல் நிறம் கண்ணுக்குத் தப்பும் என்பது அவருக்கு அத்துப்படி. ‘ஏற்கிறேன்’ பச்சையில் ஏன் பளிச்சிடுகிறது, ‘வேண்டாம்’ சாம்பலில் ஏன் மங்குகிறது என்று அவரிடம் கேட்டால் சிரித்துவிட்டுச் சொல்வார்: “படிக்க வேண்டியதைப் பெரிதாகப் போடுவோம், தம்பி, படிக்கக் கூடாததைச் சின்னதாகப் போடுவோம்.”

இந்தச் சூதுக்கு இங்கிலாந்து வடிவமைப்பாளர் ஹாரி பிரிக்னல் 2010இல் ஒரு பெயர் வைத்தார். நம் மொழியில் இருட்டு வடிவமைப்பு என்போம். ஒன்றிய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30இல் அதில் 13 வகையைப் பட்டியலிட்டுத் தடையும் விதித்தது. கடைக்கூடையில் நாம் கேட்காத பொருளை நுழைப்பது ஒன்று. ‘இன்னும் இரண்டே உள்ளன, விரைந்து வாங்குக’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது ஒன்று. மறுப்பவனை வெட்கப்படுத்துவது மற்றொன்று: பயணக் காப்பீடு வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று மட்டும் சொல்ல விடமாட்டான், ‘பாதுகாப்பில்லாமலே இருக்கிறேன்’ என்று நம் வாயாலேயே சொல்ல வைப்பான். வாங்காதவனைப் பாவியாக்கும் வித்தை!

தடை வந்ததே, தண்டனை வந்ததா? 2025 ஜூனில் அந்த ஆணையம் இணைய வணிகர்களுக்கு அறிவுரை ஒன்று வழங்கிற்று: மூன்று மாதத்துக்குள் உங்கள் தளத்தை நீங்களே சோதித்து, சூது இல்லை என்று நீங்களே உறுதிமொழி தாருங்கள்! பட்டாசு ஆலை முதலாளியைப் பார்த்து, “உமது ஆலையில் மருந்து அளவுக்கு மேல் இருக்கிறதா என்று நீரே பார்த்துச் சொல்லும்” என்றால் எப்படியிருக்கும்? நம் மாவட்டத்தில் அதைக் கேட்டுச் சிரிக்கக்கூட முடியாது. 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பறிகொடுத்தவர்கள் நாம்.

இனிக் கடன் செயலிகள். இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் மக்களைக் கடித்த பாம்பு இது. பட்டாசுத் தொழிலில் வேலை ஆண்டு முழுதும் ஒரே சீராக ஓடுவதில்லை; தீபாவளி முடிந்தால் ஓய்வு, மழை வந்தால் ஓய்வு, விபத்து நடந்தால் ஓய்வு. 2018 அக்டோபரில் உச்சநீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தபின் ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், 2020இல் ஊரடங்கு உலையை அணைத்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு குரல்: ‘ஐந்தே நிமிடம்! ஆவணம் வேண்டாம்! ஐயாயிரம் உங்கள் கணக்கில்!’ ஆவணம் வேண்டாம் என்றவன் கேட்டது என்ன? கைப்பேசியில் உள்ள பெயர்ப் பட்டியல், புகைப்படங்கள், யாருக்கு எப்போது பேசினாய் என்ற குறிப்பு. ‘அனுமதி’ என்ற பொத்தான், ஒரு தட்டு, அதற்குமேல் ஒன்றுமில்லை.

தவணை ஒரு நாள் தவறியதும் நாடகத்தின் அடுத்த அங்கம். மாமனாருக்கு அழைப்பு, ஆலை ஃபோர்மேனுக்கு அழைப்பு, மகளின் பள்ளி ஆசிரியைக்கு அழைப்பு. படத்தை எடுத்து அசிங்கமாக ஒட்டி, ‘இவள் மோசக்காரி’ என்று எழுதி ஊரெல்லாம் அனுப்புகிறான். நாட்டின் பல பகுதிகளில் உயிர்கள் போயின. பழைய முறையில் முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்த ஏஜெண்டும் கொடியவன்தான்; அவனை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவனுக்கு உன் வீடு தெரியும். உன் அத்தை மகனின் தொலைபேசி எண் தெரியாது. இவனுக்குத் தெரியும்! ஏனெனில் நீயே கொடுத்தாய். கொடுத்தது தெரியாமலே கொடுத்தாய்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விழித்தது: கடன் செயலி எதுவும் பெயர்ப் பட்டியலையும் படங்களையும் அழைப்புக் குறிப்பையும் தொடக் கூடாது என்று விதித்தது. நல்ல விதி. ஆனால் உரிமம் பெற்றவனைத்தான் அது கட்டும். உரிமமே இல்லாதவன் பெயரை மாற்றி, நிறத்தை மாற்றி மறுவாரம் வருகிறான்.

ஒரு வேடிக்கை பார்த்தீர்களா? 2020 அக்டோபர் முதல் நம் நியாயவிலைக் கடைகளில் விரல் ரேகைக் கருவி வந்தது. தேய்ந்த விரலோடு அரிசிக்கு நிற்கிறவளிடம் கருவி சொல்கிறது: “நீ யாரென்று தெரியவில்லை.” ஐந்து வட்டிக்காரன் திரை சொல்கிறது: “உன்னைத் தெரியும், உன் உறவையும் தெரியும், வா!” உரிமையைக் கேட்டால் அவள் ரேகையற்றவள், கடனைக் கேட்டால் அவள் கண்ணாடிப் பெட்டி!

இவ்வளவும் சொன்னால் எதிரே ஒருவர் எழுந்து நிற்பார். நன்கு உடுத்தவர், நாலும் படித்தவர். “மறைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அந்தரங்கம் எதற்கு? ஏழைக்கு வேண்டியது சோறு, திரைச்சீலை அல்ல” என்பார். ஐயா, குச்சு வீட்டுக்கும் தட்டிக் கதவு ஒன்று உண்டு, பார்த்திருக்கிறீரா? அதற்குப் பின்னால் தங்கம் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும். மானம் இருக்கிறது. விருதுநகரிலே நின்றுகொண்டு ஒருவன் பெயரைத் துச்சமாகப் பேசாதீர்! தாய்நாட்டுக்குத் ‘தமிழ்நாடு’ என்று பெயர் வேண்டும் என்று 1956இல் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சங்கரலிங்கனார் நோன்பிருந்த ஊர் இது.

சட்டம் பேசுவோமா? 1994இல், நக்கீரன் இதழாசிரியர் தமிழக அரசின் மீது தொடுத்த வழக்கில், தன்னைத் தன் போக்கில் விடக் கோரும் உரிமை குடிமகனுக்கு உண்டென்றது உச்சநீதிமன்றம். ஆளுவோரின் பொதுச் செயலைத் திரைபோட்டு மறைக்க அந்த உரிமை உதவாது என்றும் சேர்த்துச் சொன்னது. அப்படியிருந்தும் 2015இல் ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞர் அதே நீதிமன்றத்தில் நின்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று வாதாடினார்! கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற முதியவர் புட்டசாமி தொடுத்த வழக்கு அது. 2017 ஆகஸ்ட் 24இல் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாகச் சொன்னார்கள்: அடிப்படை உரிமையே! ஏழைக்கு இல்லை, பணக்காரனுக்கு மட்டும் என்று அவர்கள் எழுதவில்லை.

எதிரே நிற்பவர் விடமாட்டார். “யார் கட்டாயப்படுத்தினார்கள்? அவளே அழுத்தினாள்” என்பார். அழுத்தினாள், மறுக்கும் பொத்தான் எங்கே இருந்தது? நம்மூர்க் கொட்டகைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். மருந்து அறையின் கதவு வெளிப்புறமாகத்தான் திறக்க வேண்டும். ஆள் உள்ளே இருக்கையில் தாழிடக் கூடாது. வழியில் பெட்டி அடுக்கக் கூடாது. ஏன்? நெருப்பு நேரம் கொடுக்காது. உள்ளே வந்தவள் ஒரே பாய்ச்சலில் வெளியேற வேண்டும். இணையத்தில் வீடு கட்டுகிறவன் கதவை உட்புறமாகத் திறக்கும்படி வைக்கிறான். நுழைய ஒரு தட்டு. வெளியேற? படம் பார்க்கும் செயலி ஒன்றில் நான் சிக்கிய கதையைக் கேளுங்கள். சந்தாவை நிறுத்த ஏழு திரை கடந்தேன். ‘உண்மையாகவே போகிறீர்களா?’ என்றது ஒன்று. ‘ஏன் போகிறீர்கள்?’ என்றது மற்றொன்று. பாதி விலைக்குத் தருகிறேன் என்று கெஞ்சியது மூன்றாவது. கடைசித் திரையில் பெரிய பொத்தானை அழுத்தினேன். அது ‘தொடர்கிறேன்’ என்ற பொத்தான்! மேடையில் மணிக்கணக்காகப் பேசுகிறவன், ஒரு ‘வேண்டாம்’ சொல்லத் தெரியாமல் அடுத்த மாதமும் காசு கட்டினேன்.

2023 ஆகஸ்டில் நிறைவேறிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இந்தக் கதவைப் பற்றித்தான் பேசுகிறது. இசைவு தாராளமாக, தெளிவாக, நிபந்தனையின்றித் தரப்பட வேண்டும். எட்டாம் அட்டவணை மொழிகளில் எதிலும், ஆகவே தமிழிலும், படிக்கக் கிடைக்க வேண்டும். தந்தது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும். பாராட்ட வேண்டிய பிரிவு; பாராட்டுகிறேன். ஆனால் சட்டத்துக்கான விதிகள் வந்தது 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதற்கும் மேல் பதினெட்டு மாத அவகாசம்! கதவைத் திருப்பி மாட்டத் தச்சனுக்கு ஒரு நாள் போதும்.

அதே சட்டத்தின் மற்றப் பக்கங்களையும் புரட்டுங்கள். அரசு தன் அமைப்புகளுக்குத் தானே விலக்களித்துக்கொள்ள 17ஆம் பிரிவு வாயில் திறந்து வைத்திருக்கிறது. பூட்டு எல்லார் வீட்டுக்கும். மாற்றுச் சாவி மட்டும் தில்லியில்! விவரத்தைக் காக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று முழங்குகிறார்கள். அந்தப் பணம் யாருக்கு? இந்தியத் தொகுப்பு நிதிக்கு. மானம் போனவளுக்கு? ஒரு காசு இல்லை. முன்பிருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு இழப்பீடு கேட்க வழி வைத்திருந்தது. அதையும் நீக்க இந்தச் சட்டமே வகை செய்துவிட்டது. அம்மட்டோ! பொய்யான புகார் தந்தால், கடமையில் தவறினால், தரவுக்குரிய குடிமகனுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்! திருட்டுக் கொடுத்தவன் காவல் நிலையத்துக்குப் பணம் எடுத்துக்கொண்டு போக வேண்டிய நாடு!

முடியாததைக் கேட்கிறோமா என்றால், பிரான்ஸைப் பாருங்கள். கூகிளும் ஃபேஸ்புக்கும் ‘ஏற்கிறேன்’ என்பதற்கு ஒரு தட்டும், மறுப்பதற்குப் பல தட்டுகளும் வைத்திருந்தன. அந்நாட்டுத் தரவு ஆணையம் 2022 ஜனவரியில் கூகிளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது. சில மாதங்களில் கூகிளின் திரையில் ‘அனைத்தையும் மறுக்கிறேன்’ என்ற பொத்தான், ஏற்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே, அதே அளவில் வந்து உட்கார்ந்தது. வானம் இடிந்து விழவில்லை. அதே கூகிள்தான் இங்கேயும் கடை வைத்திருக்கிறது.

நாம் கேட்பதும் அதிகமில்லை. மறுக்கும் பொத்தான் ஏற்கும் பொத்தானின் அளவில், அதன் நிறத்தில், அதன் அருகில். நிபந்தனை தமிழில், கண் மங்கியவர்க்கும் எழுத்தறியாதவர்க்கும் காதில் விழும்படி. இசேவை மையத்தில் விரலைக் கேட்குமுன், எதற்காக என்று வாய்விட்டுச் சொல்லி, எடுத்த விவரத்துக்குத் தாளில் ரசீது. தேய்ந்த ரேகைக்காரியை அலைக்கழிக்காத மாற்று வழி. அது மாநில அரசின் பொறுப்பு, அதையும் சேர்த்தே கேட்கிறேன். 2021 டிசம்பரில்தான் ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய்க்கு வந்தது நம் தீப்பெட்டி. அந்த இரண்டு ரூபாய்ச் சரக்கின் மேல், உள்ளே எத்தனை குச்சி என்று அச்சிட்டே விற்க வேண்டியிருக்கிறது. நம் பெயரை, முகத்தை, உறவை அள்ளிச் செல்கிறவன் எத்தனை அள்ளினான் என்று சொல்ல மாட்டானாம்!

சிவகாசிக் கைப்பேசிக் கடைக்கு மறுபடி போவோம். அதே அக்காள்; இந்த முறை புதிய எண் வாங்க வந்திருக்கிறாள். பையன் கருவியை நகர்த்துகிறான்.

“விரலை வையுங்கள், அக்கா.”

“முதலில் படித்துக் காட்டு, தம்பி. தமிழில் படி.”

“நேரமாகுமே, அக்கா.”

“ஆகட்டும். வேண்டாம் என்றால் எதை அழுத்த வேண்டும்? அந்தப் பொத்தானையும் காட்டு.”

பையன் திரையை மேலே தள்ளுகிறான், கீழே தள்ளுகிறான். பின்னால் வரிசையில் நிற்கும் நாலு பெண்களும் கழுத்தை நீட்டி எட்டிப் பார்க்கிறார்கள்.